கிரேன்: பறவை முதலா, இயந்திரம் முதலா?

அகரமுதலி கேட்டது:

கிரேன் என்றதும் நமக்கெல்லாம் தோன்றுவது பாரம் தூக்கும் இயந்திரம். ஆங்கில அகராதியோ நீண்ட கழுத்தும் நீண்ட காலும் கொண்ட ஒரு பறவையை முதல் பொருளாகச் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்துக்கு வருகிறது. பறவையின் பெயரை இயந்திரத்துக்கு வைத்தார்களா, இல்லை தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டலில் அமைந்துவிட்ட இரண்டு தனிச்சொற்களா?

தேடத் தேடக் குழப்பம் கூடுகிறது. நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் பெடிகிரி, நர்சரியில் விற்கும் ஜெரேனியம், கிரான்பெர்ரி, மண்டையோட்டைக் குறிக்கும் கிரேனியம், வடிவியலில் வரும் கன்குருவன்ட் எல்லாமே இந்தப் பறவையிலிருந்து வந்தவை என்று ஒரு பட்டியல் இணையத்தில் சுற்றுகிறது. இதில் எது தேறும், எது தேறாது? பறவை 'கிரேன்' என்றால் பழம் ஏன் 'கிரேன்பெர்ரி' ஆகவில்லை?

இன்னொன்று. மொழிபெயர்க்கும்போது இந்தப் பறவையைக் கொக்கு என்பதா, நாரை என்பதா?

வேர்முனை:

பறவைதான் முதல். அதில் இரண்டாம் பேச்சே இல்லை. இயந்திரத்தின் பெயர் பறவையிடமிருந்து வாங்கியது.

விளக்கத்துக்குப் போகும் முன் ஒரு ஏற்பாடு. தமிழ் எழுத்தில் 'கல்'லின் ககரத்துக்கும் 'குரு'வின் ககரத்துக்கும் வேறுபாடு காட்ட முடியாது. இங்கே அந்த வேறுபாடுதான் உயிர்நாடி. எனவே சுலோகப் புத்தகங்களில் போடுவதுபோல, 'குரு'வில் வரும் அதிர்வொலியை க³ என்று எழுதுகிறேன். எண் இல்லாத க, 'கல்'லில் வருவது.

பழைய ஆங்கிலத்தில் இந்தப் பறவை 'க்ரன்'. கிரேக்கத்தில் 'கெ³ரனோஸ்', லத்தீனில் 'க்³ரூஸ்', வெல்ஷ் மொழியில் 'க³ரன்', லித்துவேனிய மொழியில் 'கெ³ர்வே', ஜெர்மனில் 'க்ரானிஷ்'. ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியதல்ல. எல்லாம் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்த 'கெ³ர்' என்ற வேரின் கிளைகள். கரகரத்த குரலில் கத்துவது என்பது அந்த வேரின் பொருள். அதாவது இது ஒலிக்குறிப்புப் பெயர். காகம் 'கா கா' என்று கரைவதால் பெற்ற பெயர் மாதிரி.

அந்தக் குரலுக்கு உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. பெரும்பாலான கிரேன் இனங்களில் மூச்சுக்குழல் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. மார்பெலும்பின் முகட்டுக்குள் புகுந்து, சுருண்டு, வெளியே வந்து, பிறகுதான் நுரையீரலுக்குப் போகிறது. பறவையின் உயரத்துக்கு வேண்டியதைவிட மிக நீண்ட குழல். அதனால்தான் எக்காளம் ஊதுவதுபோல் பல கிலோமீட்டர் தூரம் கேட்கும் குரல் அதற்கு வாய்த்திருக்கிறது. கொண்டைக் கிரேன்களுக்கு இந்தச் சுருள் கிடையாது. அவற்றின் குரலும் எக்காளம் போல் இருக்காது, ஹார்ன் அடித்த மாதிரி இருக்கும். ஐரோப்பியர்கள் பெயர் வைத்தது சுருள் உள்ள இனத்தின் குரலைக் கேட்டுத்தான்.

இனி க³ எப்படி க ஆனது என்று பார்க்கலாம். லத்தீன், கிரேக்க மொழிகளில் க³ இருக்கும் இடத்தில் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற ஜெர்மானிய மொழிகளில் க வரும். கிரிம் விதி என்று பெயர். முழங்காலுக்கு லத்தீனில் 'கெ³னு', பழைய ஆங்கிலத்தில் 'க்னேயொ'. இன்றைய 'நீ' (knee) என்ற சொல்லில் எழுத்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் அந்த ஊமை கே அதுதான். குலத்துக்கு லத்தீனில் 'கெ³னுஸ்', ஆங்கிலத்தில் 'கின்'. அதே வரிசையில்தான் க்³ரூஸ், க்ரன். எந்தச் சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எது ஒட்டவைத்தது என்று பிரித்துக் காட்டும் உரைகல்லும் இதுவே.

ஸ்காண்டினேவிய மொழிகள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழைய நார்ஸில் 'ட்ரனி', ஸ்வீடிஷில் 'ட்ரானா'. முதல் ஒலி க-விலிருந்து ட-வுக்கு ஏன் போனது என்பதற்கு ஒழுங்கான விதி இல்லை, ஆனால் சொல் அதுதான். இங்கிலாந்திலும் இதன் தடம் உண்டு. கால்பந்து பார்ப்பவர்களுக்கு ட்ரான்மியர் தெரிந்திருக்கும்: நார்ஸ் மொழியில் 'கிரேன்கள் வரும் மணல்திட்டு'. அங்கே குடியேறிய நார்ஸ் மக்கள் வைத்த பெயர்.

அடுத்து உயிரெழுத்து. பழைய ஆங்கில 'க்ரன்' குறில். வேற்றுமை உருபு சேரும்போது 'க்ர-னெ' என்று அசை பிரியும். அப்படி உயிரொலியில் முடிந்து திறந்து நிற்கும் அசையின் குறில், இடைக்கால ஆங்கிலத்தில் நெடிலானது: 'க்ராநெ'. பிறகு 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கில நெடில்களின் ஒலி மாறிய பெரிய உயிர்மாற்றத்தில் அந்த 'ஆ' மெல்ல மெல்ல 'ஏய்' ஆனது. கடைசியில் நிற்கும் ஈ எழுத்து, ஒரு காலத்தில் உண்மையாகவே உச்சரித்த ஓர் அசையின் மிச்சம். 'நேம்' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான்.

ஆனால் கூட்டுச்சொல்லின் முதல் பாதியாக வந்தால் அசை மூடிக்கொள்ளும், நெடிலாவதில்லை. வாத்தினத்துப் பறவை 'கூஸ்', அதன் குஞ்சு 'காஸ்லிங்'. ஆடு 'ஷீப்', ஆட்டிடையர் 'ஷெப்பர்ட்'. இரண்டிலும் முதல் அசை குறுகியிருக்கிறது அல்லவா? அதே கணக்கில்தான் கிரான்ஃபீல்ட், கிரான்போர்ன், கிரான்வெல், கிரான்புரூக் என்ற ஊர்ப்பெயர்களில் 'கிரான்' நிற்கிறது. வயல், ஓடை, ஊற்று, சிற்றாறு என்று எல்லாமே ஈரநிலத்தோடு ஒட்டிய பெயர்கள். கிரான்பெர்ரியின் கதை கொஞ்சம் வேறு, அதைச் செடி தெரிந்தவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

கப்பிக்கயிறு:

இயந்திரத்தின் பக்கம் நான் சொல்கிறேன். முக்கியமான விஷயம், இந்தப் பெயர்மாற்றம் ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததல்ல. கிரேக்கர்களே பாரம் தூக்கியைக் 'கெ³ரனோஸ்' என்றார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சொற்களைத் தொகுத்த பொல்லுக்ஸ், நாடக மேடையில் ஓர் உடலை மேலே தூக்கிக்கொண்டு போகும் கருவிக்கு இதே பெயரைத் தருகிறார். கிரேக்கக் கோயில்களின் கற்களில் இடுக்கி பிடித்த பள்ளங்களும் இரும்புக் கொளுவி செருகிய குழிகளும் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே காணப்படுகின்றன. அதற்கு முன் சாய்தளத்தில் இழுத்து ஏற்றிய கல்லை அப்போதிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டுத் தூக்கியிருக்கிறார்கள்.

ரோமானியர் வேலைத்தளத்தில் பறவைப் பெயரை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. கப்பியின் எண்ணிக்கையை வைத்துப் பெயர் சொன்னார்கள்: மூன்று கப்பிக்கு 'ட்ரிஸ்பாஸ்டோஸ்', ஐந்து கப்பிக்கு 'பென்டஸ்பாஸ்டோஸ்'. மூன்று கப்பியில் 50 கிலோ விசையால் இழுத்தால், உராய்வைக் கழிக்காமல், 150 கிலோ எழும். வேலை பார்ப்பவனுக்கு அதுதான் தேவையான தகவல், பறவையின் பெயர் எதற்கு! ஆனாலும் ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் ஒரு முற்றுகைக் கருவியை 'இடிக்கும் காகம்' என்று சொல்லிவிட்டு, சிலர் அதை 'க்³ரூஸ்' என்பார்கள் என்றும் குறிக்கிறார். ஆக லத்தீனிலும் பெயர் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இயந்திரப் பொருள் 14-ஆம் நூற்றாண்டுக்குள் நிலைத்துவிட்டது. அக்காலக் கிரேன் என்பது பெரிய மரச்சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்து சுழற்றும் மிதிசக்கரக் கருவி. நின்ற கம்பம், அதிலிருந்து சரிந்து நீளும் மரக்கை, கையின் நுனியில் கப்பி, அதிலிருந்து தொங்கும் கயிறு. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தை நீட்டித் தலையைக் குனிந்து நிற்கும் பறவை. போலந்தின் க்தான்ஸ்க் துறைமுகத்தில் 1442 முதல் 1444 வரை கட்டிய கிரேன் வாயில் ஒன்று உண்டு. ஆற்றுப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அதன் மரமுகப்பைப் பார்த்தால் பெயர்க்காரணம் யாரும் சொல்லாமலே புரியும்.

காலைப் பார்த்து வைத்த பெயர் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தூக்கும் வேலை முழுவதும் சரிந்த கையில்தான் நடக்கிறது. எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டுவதை ஆங்கிலத்தில் 'கிரேன்' என்று வினைச்சொல்லாக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல்லத் தொடங்கியபோதும் அவர்கள் நினைத்தது கழுத்தைத்தான். நீண்ட கால் பார்த்து வைத்த பெயர் வேறொன்று இருக்கிறது: சுவரில் ஒட்டி நிற்கும், கொசுவை இழுத்து நீட்டினாற்போன்ற 'கிரேன்-ஃப்ளை' என்ற பூச்சி.

பிற மொழிகளில் இதே ஜோடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிரெஞ்சில் 'க்³ரூ' பறவையும் இயந்திரமும். ஹங்கேரிய மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே அல்ல, அங்கும் 'தாரு' இரண்டுக்கும் பொது. ஜெர்மன்காரர்கள் பறவையைக் 'க்ரானிஷ்' என்றும் இயந்திரத்தைக் 'க்ரான்' என்றும் பிரித்துவிட்டார்கள். போலிஷில் 'ஷுராவ்' என்றால் பறவை, இயந்திரம், கிணற்று ஏற்றம் மூன்றும். நம் ஏற்றம் மாதிரியேதான்: நட்ட கம்பம், குறுக்கே ஆடும் நீள மரம், நுனியில் வாளி.

டச்சு மொழியில்தான் வேடிக்கை. அங்கே 'க்ரான்' என்றால் இயந்திரம், கூடவே தண்ணீர்க் குழாயின் திருகு. பறவையைச் சொல்ல 'க்ரான்ஃபோகல்', அதாவது 'கிரேன்-பறவை' என்று வால் சேர்க்கவேண்டிய நிலை. பிளம்பிங்கில் 'ஸ்டாப் காக்' என்கிறோமே, அந்தக் 'காக்' சேவல். ஜெர்மனிலும் 'ஹான்' என்றால் சேவலும் குழாய்த் திருகும். வளைந்த மூக்குள்ள குழாய்க்கு ஐரோப்பா முழுக்கப் பறவை தேடியிருக்கிறார்கள். பீப்பாயிலிருந்து மதுவை இறக்கும் வளைகுழாய்க்கு ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'கிரேன்' என்ற பெயர் உண்டு. அடுப்பங்கரையில் பானையைத் தொங்கவிட்டு நெருப்பின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் இரும்புக் கைக்கும் அதே பெயர். பழைய ஆங்கிலச் சொத்துப் பட்டியல்களில் சமையலறைப் பொருட்களுக்கு நடுவே 'கிரேன்' வந்தால் பறவைக்கறி என்று நினைத்துவிட வேண்டாம்.

கிரேனுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பாரம் தூக்கியான 'டெரிக்' இந்தக் கதைக்கு வெளியே. அது 1600-ஐ ஒட்டி லண்டனில் தூக்கிலிடும் வேலை பார்த்த டெரிக் என்பவனின் பெயர். முதலில் தூக்குமரத்தைக் குறித்தது, பிறகு அதே உருவம் கொண்ட பாரம் தூக்கியை.

சதுப்புக்காடு:

கொக்கா நாரையா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழில் நாம் வழங்கும் பெயர்கள் உருவத்தைப் பார்த்து வைத்தவை, அறிவியல் குடும்பம் பார்த்து அல்ல. ஹெரான் குடும்பத்திலேயே சாம்பல் நிறத்தது சாம்பல் நாரை, சின்ன வெள்ளைப் பறவை உண்ணிக்கொக்கு. மஞ்சள் மூக்கு நாரையோ ஸ்டார்க் குடும்பம். கிரேன் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பெயர் இல்லை. சாரஸ் கிரேனைப் பெருங்கொக்கு என்று எழுதுவது வழக்கத்தில் இருக்கிறது. எனவே கதை, கவிதை மொழிபெயர்ப்பில் கொக்கு போதும். காகிதக் கொக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதைத் திருத்தப் போக வேண்டாம். பறவையியல் கட்டுரையில் 'பெருங்கொக்கு' என்று எழுதுங்கள், அல்லது முதல் இடத்தில் 'கிரேன் வகைக் கொக்கு' என்று ஒருமுறை தெளிவுபடுத்துங்கள். நாரை என்று எழுதினால் வாசகர் ஸ்டார்க்கையோ ஹெரானையோதான் நினைப்பார்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஆங்கில மூலத்தில் 'கிரேன்' என்று இருப்பதாலேயே அது கிரேன் ஆகிவிடாது. இங்கிலாந்தில் இடைக்காலம் வரை உண்மையான கிரேன்கள் ஏராளம். 1465-இல் யார்க் பேராயர் பதவியேற்பு விருந்தின் பட்டியலில் 204 கிரேன்களும் 400 ஹெரான்களும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. சமையற்காரர்களுக்கு வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது! வேட்டையும் சதுப்புகளை வடித்ததும் சேர்ந்து, 1600 வாக்கில் அங்கே அது கூடு கட்டுவது நின்றுபோனது. நார்ஃபோக் பகுதிக்கு 1979-இல் சில பறவைகள் தாமாகத் திரும்பி வந்து, 1980-களில்தான் மறுபடி குஞ்சு பொரித்தன. நடுவில் சுமார் நான்கு நூற்றாண்டுகள் பெயர் இருந்தது, பறவை இல்லை. சும்மா கிடந்த பெயரைப் பல வட்டாரங்களில் ஹெரானுக்குச் சூட்டிவிட்டார்கள். அயர்லாந்தில் பேச்சுவழக்கில் ஹெரானைக் கிரேன் என்பது சகஜம். அமெரிக்காவில் 'நீலக் கிரேன்' என்று நாட்டுப்புறத்தில் சொல்வதும் பெரிய நீல ஹெரானைத்தான். வேர்முனை சொன்ன ஊர்ப்பெயர்களிலும் சில உண்மையில் ஹெரானைக் குறித்திருக்கலாம்.

எப்படிப் பிரிப்பது? எழுத்தாளர் தரும் வருணனையைப் பாருங்கள். பறக்கும்போது கழுத்து ஈட்டிபோல நேராக இருந்தால் கிரேன். மடங்கித் தோளுக்குள் புதைந்திருந்தால் ஹெரான். மரத்தில் கூடு என்றால் ஹெரான், சதுப்புத் தரையில் கூடு என்றால் கிரேன். கூட்டமாக வரிசைகட்டிப் பறந்து எக்காளக் குரல் எழுப்பினால் கிரேன். தண்ணீரில் அசையாமல் ஒற்றையாக மீனுக்குக் காத்து நின்றால் ஹெரான். கிரேனுக்கு மீன் முக்கிய உணவே அல்ல. தானியம், கிழங்கு, பூச்சி என்று தரையில் நடந்தபடி பொறுக்கும். நாம் சொல்லும் 'ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும்' காத்திருக்கும் கொக்கு, ஹெரான் குடும்பத்துக் கொக்கு.

இந்தக் குழப்பம் பழசு. ஓநாயின் தொண்டையில் சிக்கிய எலும்பை எடுத்த பறவை கிரேக்க ஈசாப் கதையில் 'எரோடியோஸ்', அதாவது ஹெரான். லத்தீன் செய்யுளில் ஃபீட்ரஸ் அதைக் 'க்³ரூயிஸ்' ஆக்கினார். ஆங்கிலம் லத்தீனைப் பின்பற்றிக் கிரேன் என்றது. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸும் 1758-இல் கிரேன்களை ஹெரான்களின் 'ஆர்டியா' பேரினத்துக்குள்ளேயே வைத்திருந்தார். 1760-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ப்ரிசோன்தான் 'க்³ரூஸ்' என்று தனிப் பேரினம் பிரித்தார். சாரஸ் கிரேனுக்கு லின்னேயஸ் வைத்த 'ஆன்டிகனி' என்ற பெயரிலும் இதே தடுமாற்றம்: புராணத்தில் அந்தப் பெயருடைய ட்ராய் இளவரசி மாறியது ஸ்டார்க்காக. 'சாரஸ்' மட்டும் இந்தியில் 'சாரஸ்', சமஸ்கிருதத்தில் 'சாரச' என்று பறவைக்கு இங்கே வழங்கிய சொந்தப் பெயர்; நீர்நிலையைக் குறிக்கும் 'சரஸ்' அதன் வேர்.

வித்துறை:

செடிகளின் முறை. ஜெரேனியம், கிரான்பெர்ரி இரண்டும் தேறும். ஆனால் தேறும் விதம் வேறு வேறு.

ஜெரேனியம் நேராகக் கிரேக்கக் 'கெ³ரனியொன்', குட்டிக் கிரேன் என்பதுபோல. காரணம் பூவில் இல்லை, காயில் இருக்கிறது. பூ உதிர்ந்ததும் நடுவில் உள்ள தண்டு நீண்டு கூராகி, அடியில் ஐந்து விதையறைகள் உருண்டு நிற்கும். உருண்டை தலை, கூர் அலகு. ஆங்கிலத்தில் இச்செடிக்கே 'கிரேன் அலகு' என்று பெயர். காய் முற்றிக் காய்ந்தால் அலகின் வெளிப்பட்டை அடியிலிருந்து ஐந்து கீற்றுகளாகப் பிரிந்து, வில்லென வளைந்து மேலே சுருளும். பல இனங்களில் அந்த உதறலில் விதை கவண்கல் போலத் தெறிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், நர்சரியில் ஜெரேனியம் என்று விற்கும் சிவப்புப் பூத்தொட்டி ஜெரேனியம் பேரினமே அல்ல, பெலர்கோனியம். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த செடிகளையும் முதலில் ஜெரேனியத்தில் சேர்த்திருந்தார்கள். 1789-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே அவற்றைப் பிரித்தார். பிரித்தபோது பறவை மரபைக் கைவிடவில்லை: 'பெலர்கோஸ்' கிரேக்கத்தில் ஸ்டார்க், அதனால் பெலர்கோனியம், 'எரோடியோஸ்' ஹெரான், அதனால் எரோடியம். ஒரே செடிக்குடும்பத்தில் கிரேன், ஸ்டார்க், ஹெரான் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. தோட்டக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

கையில் பூ இருந்தால் நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஐந்து இதழும் ஒரே அளவில் வட்டமாக நின்று, பத்து மகரந்தத்தாளிலும் மகரந்தப்பை இருந்தால் ஜெரேனியம். மேல் இரண்டு இதழ் ஒரு மாதிரி, கீழ் மூன்று வேறு மாதிரி என்றால் பெலர்கோனியம். உறுதி வேண்டுமானால் பூக்காம்பை நகத்தால் குறுக்கே கிள்ளிப் பாருங்கள். பெலர்கோனியத்தில் காம்போடு ஒட்டி ஒரு மெல்லிய தேன்குழல் ஓடும், வெட்டுமுகத்தில் துளை தெரியும். அடுக்குப்பூ வகைகளில் இதழ்ச் சோதனை ஏமாற்றும், தேன்குழல் ஏமாற்றாது. எரோடியத்தில் ஐந்து மகரந்தத்தாள் மட்டுமே வளமானவை. அதன் விதை கூட்டுக்குள்ளேயே இருந்தபடி, திருகாணி போன்ற வாலோடு விழும். ஈரம் பட்டால் வால் நிமிரும், காய்ந்தால் முறுக்கும். இப்படியே விதையை மண்ணுக்குள் துளைத்து இறக்கிவிடும்.

ஜெரேனியம் எண்ணெய் என்று வாசனைக் கடையில் வாங்குவதும் பெலர்கோனியத்தின் இலையில் வடித்ததுதான்.

கிரான்பெர்ரி ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. இங்கிலாந்தில் அந்தப் பழத்துக்குச் 'சதுப்புப் பழம்' என்று பொருள்படும் 'ஃபென்பெர்ரி' போன்ற பெயர்கள் வழங்கின. 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறியவர்கள் வட ஜெர்மன் பேச்சுமொழியின் 'க்ரான்பெரெ' என்பதை எடுத்துக்கொண்டார்கள். முன்பாதி அந்த மொழியின் கிரேன், பின்பாதி பழம். ஆங்கிலப் பறவைப் பெயர் அப்போதே 'ஏய்' பக்கம் நகர்ந்துவிட்டதால் இரண்டும் ஒட்டவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர் காதுக்குக் 'கிரான்' என்பது பொருளற்ற ஒலி. மொழியியலாளர்கள் இப்படித் தனித்து நின்று பொருள் தராத துண்டுக்குக் 'கிரான்பெர்ரி உருபன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பழத்துக்கு ஏன் கிரேன்? பூவைப் பார்த்தால் தெரியும். காம்பு வளைந்து பூ தலைகீழாகத் தொங்கும், நான்கு இதழும் பின்னோக்கி மடங்கும், மகரந்தத்தாள்கள் ஒன்றுகூடிக் கூர் அலகாகக் கீழே நீளும். வளைந்த கழுத்து, மடித்த இறகு, அலகு. கிரேன் வாழும் சதுப்பில் விளைவதால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஸ்வீடிஷில் 'ட்ரான்பேர்', போலிஷில் 'ஷுராவினா' என்று மற்றவர்களும் இதே பறவையைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அகரமுதலி:

அனைவருக்கும் நன்றி. மீதி இருப்பவை பெடிகிரி, கிரேனியம், கன்குருவன்ட். பெடிகிரி 'டிகிரி'யிலிருந்து வந்தது, தலைமுறைப் படிகள் என்று பொருள் என ஓரிடத்தில் படித்தேன். அது நம்பும்படி இருக்கிறதே?

வேர்முனை:

நம்பும்படி இருப்பதுதான் அதன் ஆபத்து. பழைய எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அது 'பெடெக்³ரு', 'பெட்டிக்³ரூ' என்று வருகிறது. முடிவில் ரகரத்துக்குப் பின் 'ஊ', 'ஈ' அல்ல. இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சில் 'பே தெ க்³ரூ' என்றால் கிரேனின் கால். 'டிகிரி'யின் சாயல் பட்டு முடிவு பிற்பாடுதான் 'ஈ' ஆனது. எந்தச் சொற்பிறப்புக் கதையைக் கேட்டாலும் முதலில் மிகப் பழைய வடிவத்தைத் தேடிப் பாருங்கள். இன்றைய வடிவத்தோடு மட்டும் பொருந்தும் கதை பெரும்பாலும் பின்னால் கட்டியது.

கால் ஏன் என்றால், வம்சாவளிச் சுருள்களில் பெற்றோரின் பெயரிலிருந்து பிள்ளைகளின் பெயர்களுக்கு ஒரு புள்ளியில் கிளம்பி மூன்றாகப் பிரியும் கோடு போடுவார்கள். அது பறவையின் காலடித் தடம். பிரான்சில் அதே தொடருக்கு வம்சம் என்ற பொருள் கிடையாது. 'கிரேன் கால் போடுவது' என்றால் யாருக்காகவோ கால்கடுக்கக் காத்து நிற்பது.

கிரேனியம் தேறாது. கிரேக்கத்தில் அது 'க்ரனியொன்', எண் இல்லாத க. கிரிம் விதிப்படி கிரேக்கக் க ஆங்கிலத்தில் ஹ ஆகும். 'கொம்பு' என்ற பொருளில் வரும் 'ஹார்ன்' அதன் ஆங்கில உறவு. பறவைக்குக் கிரேக்கத்தில் க³ இருக்கவேண்டும், இதில் இல்லை. அவ்வளவுதான். 'கிராங்க்' என்ற வளைந்த கைப்பிடியும் தேறாது, அது வளைதல், தளர்தல் பொருளுடைய வேறொரு ஜெர்மானிய வேர்.

கன்குருவன்ட் கொஞ்சம் சுவாரசியம். லத்தீன் 'கொங்க்³ருஎரெ', ஒன்றுபடுதல். கிரேன்கள் கூட்டத்தை விட்டுப் பிரிவதில்லை, அதனால் வந்த சொல் என்று ரோமானியர்களே விளக்கம் எழுதினார்கள். ஒலி இடறவில்லை. ஆனால் பறவையின் பெயரிலிருந்து இப்படி வினைச்சொல் ஆக்கும் வழி லத்தீனில் வேறெங்கும் தென்படாததால் இன்றைய சொற்பிறப்பியலாளர்கள் இதை ஏற்பதில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சதுப்புக்காடு:

பெடிகிரிக்கு ஒரு சின்னச் சேர்க்கை. நான்கு விரல் பறவைக்கு ஏன் மூன்று கோடு என்று கேட்பவர்கள் உண்டு. கிரேனின் பின்விரல் குட்டையானது, காலில் சற்று உயரத்தில் ஒட்டியிருக்கும், சேற்றில் பெரும்பாலும் பதியாது. முன்விரல் மூன்றின் தடம் மட்டும் விசிறிபோல் விழும். ஹெரான் மரக்கிளையைப் பற்றவேண்டிய பறவை. அதன் பின்விரல் நீளமாக அதே மட்டத்தில் இருப்பதால் தடத்தில் பின்னோக்கி நாலாவது கோடு அழுத்தமாகத் தெரியும். ஹெரான் காலாக இருந்திருந்தால் அந்தச் சுருள்களின் கோட்டுக்கு இவ்வளவு பொருந்தியிருக்காது.

கப்பிக்கயிறு:

பட்டியலில் சேர்த்துவிடாமல் இருக்க இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் பழைய மீன்பிடிக் கணக்குகளில் ஹெரிங் மீனை அளக்கக் 'க்ரான்' என்று ஓர் அளவு வரும், 37½ கேலன். துறைமுகம், கிரேன், மீன் என்று முடிச்சுப் போடத் தோன்றும். அது கேலிக் மொழியின் 'க்ரான்'. பறவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.